மாப்பிள்ளை கேட்ட சூடான ஒயின்!

'ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்?' என்று கேட்கிறவர்கள், கார்த்திகை மாதம் கௌசிக ஏகாதசியன்று எங்கள் ஆண்டாள் கோயிலுக்கு வந்து பார்க்கவேண்டும். சாமிக்குக் குளிருமே என்று 108 போர்வை சாற்றுகிற ஊர் இது! ஒன்றை எடுத்து இன்னொன்றைப் போர்த்தி, நேரம் போவதே தெரியாது. அடுத்து மார்கழி. விடியற்காலையில் 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் போதும்... தெருவில் முக்கால்வாசிப் பேர் குரங்குக் குல்லாவுக்குள் புகுந்துவிடுவார்கள். நம்மிடம் கடன் வாங்கினவன் எதிரே வந்தால்கூட அடையாளம் தெரியாது. (நாம் கடன் வாங்கியிருந்தால் ரொம்ப சௌகரியம்.)

அப்படி ஒரு மார்கழி மாதம், போன டிசம்பரில், ராஜபாளையத்திலிருந்து அக்காவின் போன்.

"தம்பி, உடனே கிளம்பி வா. மாப்பிள்ளை ஒயின் காய்ச்சணும்கிறார்!"

எனக்குக் 'காய்ச்சணும்' மட்டும்தான் காதில் விழுந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ் பயணத்தில் ஊறல் பானை, ரப்பர் குழாய், போலீஸ் ஜீப், மறுநாள் பேப்பரில் குடும்பத்தோடு குரூப் போட்டோ என்று எல்லாம் மனக்கண்ணில் ஓடிவிட்டது.

நேரில் போனால் விஷயம் அவ்வளவு மோசமில்லை. மாப்பிள்ளைக்கு, அதாவது அக்கா பெண்ணின் வீட்டுக்காரருக்கு, ஜெர்மனியில் நூரம்பெர்க் நகரத்தில் வேலை. அங்கே கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் இருக்கும்போதே ஊர் நடுவில் சந்தை போடுவார்கள். பூஜ்யம் டிகிரி குளிரில் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்று 'க்ளூவைன்' குடிப்பார்கள். சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல், சர்க்கரை எல்லாம் போட்டுச் சூடு பண்ணினால் அதுதான் க்ளூவைன். பீங்கான் குவளையில் கொடுப்பார்கள். குவளைக்குத் தனியாக டெபாசிட். திருப்பிக் கொடுத்தால் காசு வாபஸ். குவளை அழகாக இருக்கிறதே என்று டெபாசிட்டை மறந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறைய. மாப்பிள்ளை வீட்டிலேயே ஏழு இருக்கிறதாம்.

"சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில எல்லாரும் கூடுறோம் இல்லையா சின்ன மாமா... ஒரு பெரிய பாத்திரத்துல இதைப் போட்டு ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தா சூப்பரா இருக்கும்" என்றார்.

நான் 'ஆகா' என்று வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண் கலங்கியிருந்தது.

"போன தடவை அவர் கொண்டாந்ததையே நான்..." என்று ஆரம்பித்தவள், கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கூடத்தில் அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தான் குடியை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. அதற்கு முந்தைய பத்து வருஷம் அக்கா பட்ட பாட்டை இங்கே எழுதப்போவதில்லை. மதுரையில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபிறகு ஒரு சொட்டு தொடவில்லை. பெண் கல்யாணம் மூன்று வருஷத்துக்கு முன்னால். 'பழைய கதை எதுக்கு?' என்று சம்பந்தி வீட்டாரிடம் மூச்சு விடாமல் மறைத்துவிட்டோம். மறைத்தவர்களில் முதல் ஆள் நான். ஆக, மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளையிடம் 'வேண்டாம்' என்று சொல்ல தமிழ்நாட்டில் எந்த மாமியாருக்கு வாய் வரும்?

அந்தப் பொறுப்பு தாய்மாமன் தலையில் விழுந்தது.

*

"மாப்பிள்ளை, பெரியவங்க, குழந்தைங்க எல்லாம் இருக்காங்களே..." என்று இழுத்தேன்.

"அடுப்புல வைக்கிறோம்ல மாமா? ஆல்கஹால் ஆவியாப் போயிரும்!"

நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்கு வேறு. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் தண்ணீரோடு கலந்திருக்கிறபோது அது 'நான் மட்டும் கிளம்பறேன்' என்று தனியாகப் போய்விடாது. அமெரிக்க விவசாயத் துறை போட்டிருக்கிற பட்டியலில், கால் மணி நேரம் இளங்கொதியில் வைத்தபிறகும் ஏறக்குறைய 40 சதவீத ஆல்கஹால் மிச்சம். ஒரு மணி நேரம் வைத்தாலும் 25 சதவீதம். க்ளூவைனையோ கொதிக்கவே விடமாட்டார்கள். ஆவி பறக்க ஆரம்பித்ததும் தணலைக் குறைத்துவிடுவார்கள். குறைந்தது 7 சதவீத ஆல்கஹால் இருந்தால்தான் க்ளூவைன் என்று பெயர் வைக்கலாம் என்று ஐரோப்பாவில் சட்டமே இருக்கிறது. போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே பக்குவம்!

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் இதைக் கேட்டுவிட்டு, "எதுக்குக் கடைக்குப் போறீங்க? ஊறுகாய் ஜாடியில திராட்சையும் சர்க்கரையும் போட்டுப் புதைச்சு வெச்சா நாமளே..." என்று யோசனை சொன்னார். அந்த வேலையே ஆகாது. 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் புஸ்தகத்தில் இருக்கிறது. கடையில் அரசாங்கம் விற்கும். லைசென்ஸ் இல்லாமல் நீங்கள் வீட்டில் தயாரித்தால் குற்றம். தவிர, புளிக்கிற திராட்சையிலிருந்து கரியமிலவாயு கிளம்பிக்கொண்டே இருக்கும். மூடியை இறுக்கிவிட்டால் ஜாடி வெடிக்கும். அதுவும் எந்த ஊரில் உட்கார்ந்து பேசுகிறோம்? 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. மறு வருஷமே முதல் மந்திரியாகி 1952 வரை அந்த மாகாணத்தை ஆண்ட பூ.ச. குமாரசாமி ராஜா இந்த ராஜபாளையத்துக்காரர். சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனுஷர். அவர் ஊரில் ஜாடி வெடித்தால் நன்றாகவா இருக்கும்?

"சரி மாமா, சுக்குமல்லிக் காப்பி போடலாம்கிறீங்க. அது மருந்து மாதிரி இருக்குமே..." மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது.

மருந்து என்றாலும் ஒயினுக்குள் போவதும் நம் சரக்குதான் என்று எடுத்துவிட்டேன். ரோமாபுரிக்காரர்கள் காலத்திலேயே ஒயினில் தேன், மிளகு, குங்குமப்பூ, பேரீச்சங்கொட்டை எல்லாம் போட்டு ஒரு பானம் தயாரித்தார்கள். 'அபிகியுஸ்' என்கிற ரோமானியச் சமையல் புஸ்தகத்தில் பக்குவம் இருக்கிறது. அந்த மிளகு எங்கிருந்து போனது? நம் மலைக்கு மேற்கே, சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்துதான் கப்பல் கப்பலாகப் போனது. பட்டை இலங்கைச் சரக்கு. ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூரில் இன்றைக்கும் ஏலம் நடக்கிறது. அவர்களுடையது திராட்சை மட்டும்தான். அதுவும் இப்போது நம்மிடம் இருக்கிறது!

"ஜெர்மனியில பசங்களுக்கு என்ன கொடுப்பாங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"அதுக்குத் தனியா 'கிண்டர்புன்ஷ்'னு ஒண்ணு இருக்கு. ஒயினுக்குப் பதிலா ஜூஸ் ஊத்துவாங்க."

பிடித்தேன்! "அதைப் பெரியவங்களுக்கும் கொடுப்போம்."

*

கம்பம் பள்ளத்தாக்கு எங்கள் மலைக்கு அந்தப் பக்கம். காக்கை பறந்தால் கிட்டத்தில். பஸ்ஸில் போனால் ஊரைச் சுற்றவேண்டும். அங்கே விளைகிற கறுப்புப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. (எங்கள் பால்கோவாவுக்கு 2019-லேயே கிடைத்துவிட்டது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.) புளிப்பு, இனிப்பு, வாசனை மூன்றும் சேர்ந்த பழம்; இந்த வேலைக்கென்றே பிறந்தது. ராஜபாளையம் மார்க்கெட்டில் ஐந்து கிலோ வாங்கினோம்.

திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் காப்பாற்றினவர் கதையும் சுவாரஸ்யம். தாமஸ் வெல்ச் என்று அமெரிக்காவில் ஒரு பல் டாக்டர். மதுவைத் தொடாத மெதடிஸ்ட் சபைக்காரர். சர்ச்சில் கொடுக்கிற ஒயினில்கூட போதை இருக்கக்கூடாது என்று நினைத்தார். திராட்சைத் தோலில் இருக்கிற ஈஸ்ட் கிருமிதான் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. சூடுபடுத்தினால் அது செத்துப்போகும் என்று பாஸ்டர் கண்டுபிடித்திருந்த சமயம். 1869-ல் வெல்ச் சாற்றைப் பாட்டிலில் அடைத்து, வெந்நீரில் வைத்து எடுத்தார். புளிக்கவில்லை!

இனி செய்முறை. ஒரு கிலோவுக்குக் கணக்குச் சொல்கிறேன்; நாலைந்து டம்ளர் வரும்.

பழத்தை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசுங்கள். மருந்து அடித்திருப்பார்கள். காம்பை நீக்கிக் கையாலேயே பிசையுங்கள். மிக்ஸி வேண்டாம், கொட்டை அரைபட்டால் கசக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் அடுப்பில் வையுங்கள். அலுமினியம், பித்தளை கூடாது, புளிப்புக்கு ஆகாது. பத்து நிமிஷத்தில் தோல் நிறம் விட்டு, சாறு கருஞ்சிவப்பாகிவிடும். துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

அந்தச் சாற்றில் விரல் நீளத்துக்குப் பட்டை, கிராம்பு ஐந்து, தட்டின ஏலக்காய் நாலு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு பத்து, சுக்கு ஒரு துண்டு, கமலா ஆரஞ்சின் மேல்தோல் கொஞ்சம். தோலின் உள்ளே இருக்கிற வெள்ளையைச் சீவிவிடவேண்டும். அன்னாசிப்பூ ஒன்றே ஒன்று! இரண்டு போட்டால் எல்லோரும் "பிரியாணி எப்போ?" என்று கேட்பார்கள். கிராம்பு ஜாஸ்தியானால் நாக்கு மரத்துவிடும். சிறு தீயில் கால் மணி நேரம்.

எங்கள் முதல் ஈட்டைக் குடித்துப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜூஸாத்தான் இருக்கு. ஒயின்ல ஒரு துவர்ப்பு இருக்கும், அது வரலை."

அக்காதான் வழி சொன்னாள். "துவர்ப்புதானே? டீ டிகாக்‌ஷன் விடு!" பால் கலக்காத கெட்டி டீ அரை டம்ளர் விட்டோம். கடைசியில் அரை மூடி எலுமிச்சம்பழமும் கொஞ்சம் கருப்பட்டியும். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, "நூரம்பெர்க்!" என்றார். பக்கத்துக் காம்பவுண்டில் இருந்த ராஜபாளையம் நாய் ஏனோ அந்தப் பெயரைக் கேட்டுக் குரைத்தது.

(சர்க்கரை வியாதிக்காரர்கள் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. திராட்சைச் சாறு 100 மில்லியில் சுமார் 15 கிராம் சர்க்கரை. கருப்பட்டி தனிக்கணக்கு.)

*

சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் இருபது பேர். சாத்தூர் காராச்சேவு ஒரு பக்கம், ஆவி பறக்கிற பாத்திரம் ஒரு பக்கம். சஞ்சீவி மலைப் பக்கமிருந்து காற்று. மாப்பிள்ளை முதல் டம்ளரை அத்தானிடம் நீட்டினார். நிறத்தைப் பார்த்துவிட்டு அத்தான் கை நீட்டவில்லை.

"இதுல சரக்கு இருக்கா மாப்ள?"

"இல்ல மாமா. ஊத்தலாம்னு பார்த்தேன்... சின்ன மாமா விடலை."

"ஏன் விடலைன்னு சொன்னானா?"

நான் காராச்சேவுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"எனக்காகத்தான்" என்றார் அத்தான். "பெரிய குடிகாரனா இருந்தவன் நான். விட்டு அஞ்சு வருஷமாச்சு. உங்ககிட்ட சொல்லாமலே பொண்ணைக் கொடுத்துட்டோம். தப்புதான்."

மாடியில் சத்தமே இல்லை. மாப்பிள்ளை டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப போன வருஷம் நான் ஏர்போர்ட்ல வாங்கிட்டு வந்து கொடுத்தேனே, ஒரு பாட்டில்..." என்றார்.

"இருக்கு. முதல்ல அரிசி டிரம்ல இருந்துச்சு. அப்புறம் பரண்ல, பழைய குத்துவிளக்குக்குப் பின்னாடி. தீபாவளியிலேர்ந்து தையல் மெஷின் பெட்டிக்குள்ள."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாக மூன்று இடம் மாற்றியிருக்கிறாள், அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு!

மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் கீழே போனார். அத்தானும் பின்னாலேயே போனார். முற்றத்துக் குழாயடியில் இரண்டு பேரும் நின்று மூடியைத் திருகினதை மேலிருந்து எட்டிப் பார்த்தோம். ஊற்றி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. "ஃபாரின் சரக்குப்பா..." என்று பெரியப்பா ஒருத்தர் விட்ட பெருமூச்சு மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

இருவரும் மேலே வந்தபோது, பிள்ளைகள் பாத்திரத்தைக் காலி பண்ணியிருந்தார்கள்.

"எனக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கலையா?" என்றார் அத்தான்.

"ரெண்டு பேருக்கும் சுக்குமல்லிதான்" என்று சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அக்கா படியிறங்கினாள்.

"எனக்குக் கருப்பட்டி கொஞ்சம் தூக்கலா, அத்தை!" என்றார் மாப்பிள்ளை.