எட்டு கோலும் ஐம்பது ஆண்டும்

2022 அக்டோபர் 11-ஆம் நாள். புவனேசுவரம் கலிங்கா அரங்கம். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி. ஒருபுறம் இந்தியப் பெண்கள், மறுபுறம் அமெரிக்கப் பெண்கள். ஆட்டம் முடிந்தது. அமெரிக்கா எட்டு, இந்தியா சுழி!

அடுத்து வந்த மொராக்கோ மூன்று போட்டது. பிரேசில் ஐந்து போட்டது. மூன்று ஆட்டங்களில் பதினாறு கோல் வாங்கினோம். திருப்பித் தந்தது ஒன்றுமில்லை.

"அடுப்படியை விட்டு ஆடுகளத்துக்கு வந்தால் இதுதான் கதி" என்று மீசை முறுக்குவோர் உண்டு. தோல்வியை மூடி மறைக்க நாம் வரவில்லை, தோழர்களே! அதன் வேர் எங்கே என்று தோண்டிப் பார்க்கவே வந்தோம்.

கால்பந்தின் தாய்நாடு எனப்படும் இங்கிலாந்துக்குப் போவோம். முதல் உலகப் போர்க்காலம். ஆடவர் போர்முனைக்குப் போயினர். பெண்கள் ஆலைக்கு வந்தனர். பிரஸ்டன் நகரத்து டிக் கெர் ஆலையில் வெடிகுண்டு செய்த பெண்கள், ஓய்வு நேரத்தில் பந்து உதைத்தனர், அணியும் அமைத்தனர். 1920 டிசம்பர் 26-ஆம் நாள், லிவர்ப்பூலில் அந்தத் தொழிலாளிப் பெண்கள் ஆடியதைக் காண வந்தவர்கள் 53,000 பேர்! நுழைவுக் காசு அறப்பணிக்குப் போயிற்று.

ஓராண்டுகூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5-ஆம் நாள், அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்துச் சீமான்கள் கூடினர். கால்பந்து பெண்களுக்குத் தகாது என்றனர். சங்கத்தைச் சார்ந்த எந்த மைதானமும் பெண்களுக்குக் கிடையாது என்று பூட்டினர். பூட்டுத் திறந்தது 1971-இல். ஐம்பது ஆண்டு!

இங்கிலாந்து மட்டுமா? 1941-இல் பிரேசில் அரசு சட்டம் போட்டுத் தடுத்தது; 1979-இல்தான் விட்டது. மேற்கு செர்மனியின் கால்பந்துச் சங்கம் 1955 முதல் 1970 வரை தடுத்தது. காலம் செய்த கேலியைக் கேளுங்கள்: 2022-இல் நவி மும்பையில் நடந்த காலிறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றவர்கள் யார்? செர்மனிப் பெண்களும் பிரேசில் பெண்களும்! பாட்டிக்கு மறுத்த பந்தைப் பேத்தி உதைத்தாள். பார்த்து மகிழ்ந்தது உலகம்.

இனி, எட்டு கோல் போட்ட அமெரிக்காவுக்கு வருவோம். அந்தப் பெண்களுக்கு இரும்புக் காலா? இல்லை. 1972-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மைய அரசின் பணம் பெறும் எந்தக் கல்விக்கூடமும் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டக்கூடாது என்றது. பள்ளி மைதானத்தின் கதவு பெண்ணுக்கும் திறந்தது. அதற்குச் சரியாக ஐம்பதாம் ஆண்டில் விழுந்தவைதான் அந்த எட்டு கோல்! கதவை மூடியவருக்கும் ஐம்பது ஆண்டு. திறந்தவருக்கும் ஐம்பது ஆண்டு. விளைச்சல்தான் வேறு.

நம்மை வென்ற மொராக்கோவுக்கும் அதுவே முதல் உலகக் கோப்பை. முதன்முறையாக வந்த தான்சானியா காலிறுதிக்கே போயிற்று. கொலம்பியா இறுதியாட்டம்வரை வந்து, ஒரே ஒரு கோலில் ஸ்பெயினிடம் கோப்பையை விட்டது. 2025-இல் 24 அணிகளை அழைத்துப் போட்டியை நடத்தியதும் அதே மொராக்கோதான். வென்றது வட கொரியா. செல்வச் சீமை நாடுகளுக்கே உரிய ஆட்டம் என்று இனி எவர் சொல்வார்?

இந்திய அணியின் தலைவி அஸ்தம் ஓராவ்ன், ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்துப் பழங்குடிப் பெண். பெற்றோர் தினக்கூலிகள். மகளின் சிறப்புக்காக ஊருக்குச் சாலை போட்டது அரசு. அந்தச் சாலையில் கூலிக்கு மண் சுமந்தவர்களும் அவளைப் பெற்றவர்களே என்று ஏடுகள் அன்று எழுதின.

மகள் பெயரால் சாலை. பெற்றோர் தலையில் மண்கூடை! சாலை வர அவள் நாட்டுக்கே தலைவியாக வேண்டியிருந்தது. தலைவியாகாத பெண்களின் ஊருக்கு எப்போது சாலை வரும்? அவர்கள் பள்ளிக்கு எப்போது மைதானம் வரும்?

கோப்பை எங்கே என்று அந்தப் பெண்களைக் கேட்குமுன், களம் எங்கே என்று ஆள்வோரைக் கேட்போம். நம் வீட்டையும் கேட்போம். ஆலையிலிருந்து மாலையில் திரும்பும் தோழரே, தெருவில் உம் மகன் பந்து உதைக்கும்போது, வாசற்படியில் நின்று பார்க்கிறாளே உம் மகள், அவளைப் "போய் ஆடு" என்று சொன்னதுண்டா? இன்று சொல்லும்!