பேங்க் கார்டில் இங்க் கறையா? ரிமூவர் போடாதீங்க!

ஆவடியில் பஸ் ஏறி அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்குகிறவர்களின் சட்டைப் பையைப் பாருங்கள். பால்பாயிண்ட் பேனாவும் பேங்க் கார்டும் ஒன்றாகக் கிடக்கும். பேனா கசிந்தால் சட்டை மட்டுமா போகும்? கார்டும் நீலம்!

"நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுத் தேய்ச்சா போயிடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கார்டு பி.வி.சி. பிளாஸ்டிக். தடிமன் முக்கால் மில்லிமீட்டர்தான். ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக்கே இளகும், அச்சும் கரையும். தின்னரும் அப்படித்தான். கொதிக்கும் வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். வளைந்த கார்டு ஏ.டி.எம்.மில் மாட்டிக்கொண்டால்? சம்பள நாளில் இது தேவையா?

பேனா மை தண்ணீருக்கு அசையாது. ஸ்பிரிட்டுக்கு அசையும். ஊசி போடும்முன் நர்ஸ் கையில் தடவுவாரே, அதேதான். மருந்துக் கடையில் கிடைக்கும். பஞ்சில் இரண்டு சொட்டு போதும். கறை மேல் மட்டும் மெல்ல ஒற்றி எடுங்கள். பஞ்சை மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் மை பரவும். அடுப்பங்கரையில் வேண்டாம், ஸ்பிரிட் குப்பென்று பற்றும்.

பின்பக்கம் ஜாக்கிரதை! கையெழுத்துப் பட்டையில் பட்டால் கறையோடு கையெழுத்தும் போய்விடும். அங்கே உள்ள 3 இலக்க எண்ணும் மங்கலாம். கறுப்புப் பட்டையைச் சுரண்டக்கூடாது. சிப்பை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இன்னொரு வகை மை இருக்கிறது. மறந்துவிடும் என்று சிலர் ரகசிய எண்ணையே கார்டில் எழுதி வைக்கிறார்கள். அதை இன்றைக்கே அழியுங்கள். பேனா அழுத்திய தடம் தெரியும், எனவே ஏ.டி.எம்.முக்குப் போய் எண்ணையும் மாற்றிவிடுங்கள்.