டிக்கெட்டை கடைசியில் எடுங்க! வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்கள் திரும்பிப் போக 2020 ஆகஸ்டில் என்னென்ன வழி இருந்தது?

மாசி மாசக் கல்யாணத்துக்குன்னு வந்தவங்க, ஆவணி பிறந்தும் இங்கேயே இருந்தாங்க.

மகள் வீட்டுக்கு வந்த மலேசியப் பாட்டி, அம்மாவைப் பார்த்துக்கொள்ள லண்டனிலிருந்து வந்த மகன், விடுமுறைக்கு வந்த குழந்தைகளின் அமெரிக்க பாஸ்போர்ட்... இப்படி தமிழ்நாட்டில் பல வீடுகளில் அப்போது ஒரு பெட்டி கட்டியபடியே மூலையில் நின்றது. சுற்றுலா வந்து மாட்டிக்கொண்ட வெளிநாட்டவர்கள் தனி.

'ஃபிளைட் இருக்குன்னு சொல்றாங்க, ஆனா ஏற முடியலையே' என்பதுதான் இவர்கள் எல்லோருடைய கேள்வியாக இருந்தது. விமானம் இருப்பது வேறு, நீங்கள் அதில் ஏறலாமா என்பது வேறு. அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

விமானம் ஓடுச்சா, ஓடலையா?

2020 மார்ச் 23 முதல் இந்தியாவில் வழக்கமான சர்வதேச பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. முதலில் ஒரு வாரம் என்றார்கள். பிறகு ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என நீண்டு, அப்போது ஆகஸ்ட் 31 வரை தடை இருந்தது.

ஆனால் இந்தத் தடை அட்டவணைப்படி இயங்கும் விமானங்களுக்குத்தான். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தனியாக அனுமதி தரும் சிறப்பு விமானங்களுக்கும் சரக்கு விமானங்களுக்கும் தடை இருக்கவில்லை. சென்னை வானத்தில் பெரிய விமானங்களைப் பார்க்க முடிந்தது இதனால்தான்.

அந்த சிறப்பு விமானங்கள் மூன்று வகை.

வழி 1: ஏர் பபுள்

அப்போது இருந்ததில் சுலபமான வழி இதுதான். இரண்டு நாடுகள் தங்களுக்குள் பேசி, 'உன் விமானமும் வரட்டும், என் விமானமும் வரட்டும்' என்று செய்துகொள்ளும் ஏற்பாடு. ஜூலை நடுவில் அமெரிக்காவோடும் பிரான்ஸோடும் இது தொடங்கியது.

அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், மாலத்தீவு ஆகிய நாடுகளோடு இந்த ஏற்பாடு இருப்பதாக அப்போதைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஹர்தீப் சிங் புரி ஆகஸ்ட் 18-ம் தேதி தெரிவித்தார். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, ஜப்பான், தாய்லாந்து உட்பட மேலும் 13 நாடுகளோடு பேச்சு நடப்பதாகவும், இலங்கை போன்ற அண்டை நாடுகளோடும் இப்படி ஒரு ஏற்பாடு யோசனையில் இருப்பதாகவும் அவர் சொன்னார்.

இதில் பெரிய வசதி என்ன? தூதரகத்தில் பெயர் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியாக டிக்கெட் எடுக்க முடிந்தது.

அமெரிக்காவுக்கு: ஏர் இந்தியா, யுனைடெட். யுனைடெட் விமானங்கள் டெல்லியிலிருந்து நியூயார்க் அருகே உள்ள நெவார்க்குக்கும், சான் பிரான்சிஸ்கோவுக்கும் தொடங்கப்பட்டன.

பிரான்ஸுக்கு: டெல்லி, மும்பை, பெங்களூரிலிருந்து பாரிஸுக்கு ஏர் பிரான்ஸ்.

பிரிட்டனுக்கு: ஏர் இந்தியா, பிரிட்டிஷ் ஏர்வேஸ். ஜெர்மனிக்கு லுஃப்தான்சா, ஏர் இந்தியா.

அமீரகத்துக்கு: எமிரேட்ஸ், எதிஹாட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்றவை. கத்தாருக்கு கத்தார் ஏர்வேஸ்.

பட்டியலைப் பார்த்தாலே ஒன்று புரியும். ஐரோப்பா, அமெரிக்கா போனவர்களுக்குப் பெரும்பாலும் டெல்லி, மும்பை, பெங்களூர்தான் வாசலாக இருந்தது. சென்னையிலிருந்து அங்கே போய்ச் சேர்வது தனி வேலையாக இருந்தது. அதைக் கீழே பார்ப்போம்.

பலர் தடுக்கி விழுந்த இடம்: நடுவில் விமானம் மாறுவது

நம்ம ஊர்க்காரர்களுக்குப் பழகிய வழி எது? சென்னையில் ஏறி, துபாயிலோ தோஹாவிலோ இறங்கி, அங்கிருந்து லண்டன், நியூயார்க். வருஷக்கணக்காக இப்படித்தான் போய் வந்தோம்.

அப்போது அந்த வழி அடைபட்டிருந்தது. பபுள் என்பது இரண்டு நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம். அமீரகத்தோடும் கத்தாரோடும் இருந்த ஏற்பாடு, அந்தந்த நாட்டில் இறங்கி அங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கானதாக இருந்தது. அங்கே விமானம் மாறி வேறு நாட்டுக்குப் போக அதைப் பயன்படுத்த முடியவில்லை. ஐரோப்பிய நாடுகளின் ஒப்பந்தங்களில் சில வகைப் பயணிகளுக்கு மட்டும் விமானம் மாற இடம் இருந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் இந்த விதி வேறு வேறாக இருந்தது.

டிக்கெட் விற்ற இணையதளங்களுக்கு இதெல்லாம் தெரியவில்லை. சென்னை, துபாய், லண்டன் என்று ஒரே டிக்கெட்டாகக் காட்டின, பணத்தையும் எடுத்துக்கொண்டன. கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டை நீட்டியபோதுதான் 'ஏற்ற முடியாது' என்றார்கள்.

வழி 2: வந்தே பாரத் விமானத்தில் போகும் சீட்

வெளிநாட்டில் தவித்த இந்தியர்களை அழைத்து வர மே 7-ம் தேதி தொடங்கிய திட்டம் இது. அழைத்து வரப் போகும் விமானம் காலியாகத்தானே போகும்? அந்த சீட்டுகளில் இங்கிருந்து ஆட்களை ஏற்றிச் செல்லலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் மே 5-ம் தேதியே விதிமுறை வெளியிட்டது.

அதன்படி, போகும் நாட்டின் குடிமக்கள் ஏற முடிந்தது. ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அந்த நாட்டின் விசா குறைந்தது ஓராண்டுக்கு வைத்திருந்தவர்களும் ஏற முடிந்தது. மருத்துவ அவசரம், குடும்பத்தில் மரணம் என்றால் ஆறு மாத விசா உள்ள இந்தியர்களுக்கும் அனுமதி தர இடம் இருந்தது. செலவு பயணியுடையதாக இருந்தது. காய்ச்சல், இருமல் போன்ற அறிகுறி இருந்தால் விமானத்தில் ஏற்றவில்லை.

2020 ஆகஸ்டில் ஐந்தாம் கட்டம் நடந்தது. பபுள் இல்லாத நாடுகளுக்குப் போனவர்களுக்கு இது முக்கியமான வழியாக இருந்தது. ஆனால் சீட் கிடைப்பதுதான் போராட்டமாக இருந்தது. ஜூன் 5-ம் தேதி அமெரிக்கா, ஐரோப்பா செல்லும் டிக்கெட் விற்பனை தொடங்கியபோது, கூட்டம் தாங்காமல் ஏர் இந்தியா இணையதளமே திணறியது நினைவிருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆகஸ்ட் 14-ம் தேதி டெல்லியிலிருந்து ஹாங்காங் போன ஏர் இந்தியா விமானத்தில் சிலருக்குத் தொற்று உறுதியானது. உடனே அந்த மாத இறுதி வரை ஏர் இந்தியா வரக் கூடாது என்று ஹாங்காங் சொல்லிவிட்டது. டிக்கெட் கையில் இருந்தவர்கள் நிலைமை? மறுபடி முதலிலிருந்து.

வழி 3: தூதரகம் ஏற்பாடு செய்த விமானம்

ஊரடங்கின் முதல் மாதங்களில் வெளிநாட்டவர் பெரும்பாலும் இப்படித்தான் போனார்கள். அந்த நாட்டு அரசு தனி விமானம் ஏற்பாடு செய்தது. விமானப் போக்குவரத்து அமைச்சகம் அனுமதி தந்தது. இருக்கும் இடத்திலிருந்து விமான நிலையம் வர மாநில அரசு பாஸ் தந்தது. ஏப்ரல் 2-ம் தேதி இதற்கான விதிமுறை வந்தது. பிரிட்டன், மலேசியா உட்படப் பல நாடுகள் தமிழ்நாட்டிலிருந்தும் தங்கள் மக்களை அழைத்துக்கொண்டன.

பிறகு பபுள் வந்துவிட்ட நாடுகளுக்கு இந்தத் தனி விமானம் தேவைப்படவில்லை. மற்ற நாட்டவர்களுக்கு இதுவும் ஒரு வழியாக இருந்தது. அதனால் தூதரகத்தில் பெயர், போன் நம்பர், மெயில் பதிவாகியிருக்க வேண்டியிருந்தது. மார்ச்சில் பதிவு செய்திருந்தாலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருந்தது.

'சார்ட்டர் ஃபிளைட்டில் சீட் இருக்கு, இன்னைக்கே பணம் போடுங்க' என்று வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்தால், அந்த விமானத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதா என்று தூதரகத்திடம் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை: நமக்கு நெருக்கமான மூன்று நாடுகள்

இந்த மூன்று நாட்டு பாஸ்போர்ட்காரர்களுக்கும் தமிழ்நாட்டில் சொந்தபந்தம் அதிகம். ஆனால் அப்போது மூன்றோடும் பபுள் இருக்கவில்லை.

சிங்கப்பூர்: குடிமக்களும் நிரந்தரவாசிகளும் திரும்ப முடிந்தது. நிரந்தரவாசிகள் தங்கள் மறுநுழைவு அனுமதி எந்தத் தேதி வரை என்று எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. வெளியில் இருக்கும்போது அது காலாவதியானால் நிரந்தரவாசத் தகுதிக்கே ஆபத்து. வேலை அனுமதி உள்ளவர்கள் சிங்கப்பூர் அரசின் நுழைவு ஒப்புதல் வந்த பிறகே கிளம்ப வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து போனால் 14 நாள் தனிமை இருந்தது. குடிமகனோ நிரந்தரவாசியோ அல்லாதவர்கள் அதற்கு 2,000 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டியிருந்தது. பரிசோதனைக் கட்டணம் தனி.

மலேசியா: குடிமக்கள் திரும்பத் தடை இருக்கவில்லை. மற்றவர்களுக்குக் குடிநுழைவுத் துறையின் முன் அனுமதி தேவைப்பட்டது. ஜூலை 24 முதல் போய் இறங்கியவர்கள் வீட்டுக்குப் போக முடியவில்லை. அரசு குறிப்பிட்ட இடத்தில்தான் தனிமை.

இலங்கை: வழக்கமான பயணிகளுக்கு விமான நிலையம் அப்போது திறந்திருக்கவில்லை. குடிமக்களை அரசே கட்டம் கட்டமாக அழைத்துக்கொண்டது. சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் பதிவு செய்வதுதான் முதல் வேலையாக இருந்தது.

ஒரே குடும்பம், ரெண்டு மூணு பாஸ்போர்ட்

மனசு கஷ்டப்பட்டது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு அமெரிக்க பாஸ்போர்ட். அப்பா, அம்மாவுக்கு இந்திய பாஸ்போர்ட்டில் வேலை விசா. அந்த விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் புதிதாகக் குத்தித்தான் போக வேண்டும். ஆனால் அமெரிக்கத் தூதரகங்களில் வழக்கமான விசா சேவை 2020 மார்ச்சிலிருந்து நின்றிருந்தது. போதாததற்கு, எச்1பி உள்ளிட்ட சில விசாக்களைப் புதிதாகத் தருவதை அந்த ஆண்டு இறுதி வரை நிறுத்தி அதிபர் டிரம்ப் ஜூனில் உத்தரவு போட்டார்.

அதாவது, நான்கு வயசுக் குழந்தை விமானம் ஏற முடிந்தது. கூடப் போக வேண்டியவர்கள் ஏற முடியவில்லை. செல்லும் விசா ஏற்கெனவே கையில் இருந்தவர்களுக்கு இந்தப் பிரச்னை இருக்கவில்லை. அதனால் டிக்கெட் பார்க்கும் முன், வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். 'எனக்கு சரியா இருக்கு, அதனால எல்லாருக்கும் சரி' என்று நினைக்காதீர்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்களும் நாளை எண்ண வேண்டும். தொடர்ந்து ஓராண்டுக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்துவிட்டால், அந்த அட்டையை மட்டும் காட்டித் திரும்ப முடியாது.

இந்திய விசா முடிஞ்சு போனவர்களுக்கு அபராதம் வந்ததா?

பயப்பட வேண்டியிருக்கவில்லை. 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு விசா முடிந்து இங்கே சிக்கிக்கொண்ட வெளிநாட்டவர்களுக்கு, சர்வதேச விமானத் தடை நீங்கிய நாளிலிருந்து 30 நாள் வரை கட்டணமின்றி நீட்டிப்பு தரப்பட்டது. ஆனால் தானாக நடக்கவில்லை. இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது கூடுதலாகத் தங்கியதற்கு அபராதம் இருக்கவில்லை. ஒப்புதல் கடிதத்தை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டிலிருந்து ஏர்போர்ட் வரை

அப்போது பஸ் இல்லை, ரயில் இல்லை. கார்தான். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் கார்டு எண்ணோடு விண்ணப்பிக்கும் அனைவருக்கும் தாமதமின்றித் தருவதாக அரசு சொன்னது. இந்த இரண்டுமே இல்லாத வெளிநாட்டவர், கடைசி நாள் வரை விடாமல் மாவட்ட நிர்வாகத்திடமோ தூதரகத்திடமோ முன்பே கேட்டு வைப்பது நல்லதாக இருந்தது.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுக் குடிமக்கள் பாரிஸ் விமானத்துக்கு பெங்களூர் போவதாக இருந்தால், தமிழ்நாட்டைக் கடக்க இ-பாஸோடு கர்நாடகாவின் சேவா சிந்து பதிவையும் பார்க்க வேண்டியிருந்தது.

சென்னையிலிருந்து டெல்லிக்கு உள்நாட்டு விமானத்தில் போவதாக இருந்தால்? அப்போது அதில் ஒருவருக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு கைப்பை மட்டும்தான். வெளிநாட்டு விமானத்தில் இரண்டு பெட்டி கொண்டுபோகலாம் என்று கட்டினால் மீனம்பாக்கத்திலேயே ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது. இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்தால் நடுவில் நிறைய நேரம் விடுங்கள். உள்நாட்டு விமானம் தாமதமானால் அடுத்த விமானக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.

அப்போ எந்த வரிசையில் போக வேண்டியிருந்தது?

முதலில், போகும் நாடு உள்ளே விடுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. குடிமகனா, நிரந்தரவாசியா, விசா உள்ளவரா என்பதைப் பொறுத்து விதி மாறியது. முன் அனுமதி தேவையென்றால் அதை வாங்க வேண்டியிருந்தது. உதாரணமாக, துபாய் குடியிருப்பு விசா உள்ளவர்களுக்கு அங்குள்ள குடியேற்றத் துறையின் ஒப்புதல் வேண்டியிருந்தது.

இரண்டாவது, எந்த வகை விமானம், வழியில் எங்காவது மாற வேண்டுமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, பரிசோதனை. துபாய்க்கு விமானம் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர். நெகட்டிவ் சான்று வேண்டியிருந்தது. சீக்கிரம் எடுத்தாலும் செல்லவில்லை.

நான்காவது, இறங்கியதும் எத்தனை நாள் தனிமை, செலவு யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிரிட்டனில் அப்போது 14 நாள். சொந்த வீட்டிலேயே இருக்க முடிந்தது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது.

'செப்டம்பர் 1-ல் எல்லாம் திறந்துடுமா?' என்ற கேள்வி

சில இணையதளங்களில் 2020 செப்டம்பர் தேதிக்கு வழக்கமான விமான டிக்கெட்டுகள் விற்பனையில் தெரிந்தன. மார்ச்சிலிருந்து ஒவ்வொரு மாதமும் இப்படித்தான் தெரிந்தது. ஒவ்வொரு மாதமும் தடை நீண்டது. அரசாணை வரும் முன் அந்த டிக்கெட்டை நம்பி வாடகைக் கார் பேசுவதோ, வீட்டைக் காலி செய்வதோ சரியாக இருக்கவில்லை. அவசரமாகப் போக வேண்டியிருந்தவர்கள் மேலே சொன்ன மூன்று வழிகளில் எது தங்களுக்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டியிருந்தது.