பியூஸ் காப்பது ஒயரை, ஆளை அல்ல

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் பழைய வீடுகளில் பீங்கான் பியூஸ் கட்டை இன்னும் ஓய்வுபெறவில்லை. பியூஸ் போனால் கைக்கு அகப்பட்ட செம்புக் கம்பியைத் திரித்துக் கட்டிவிடுகிறார்கள். கெட்டியாகக் கட்டினால் அடிக்கடி போகாது என்பது உண்மைதான், ஆபத்தும் அதில்தான். 5 ஆம்பியருக்கான வெள்ளீயம் பூசிய செம்பு இழையின் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர், 15 ஆம்பியருக்கு 0.5. அந்த இடத்தில் 1 மில்லிமீட்டர் கம்பியைக் கட்டினால் அது உருக ஏறக்குறைய 80 ஆம்பியர் வேண்டும். சுவருக்குள் ஓடும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயரோ பத்துப் பன்னிரண்டு ஆம்பியருக்கு மேல் தாங்காது. பியூஸ் உருகுவதற்குள் ஒயரின் பிவிசி உறை கருகிவிடும். ஆகவே பியூஸின் அளவை ஒயரின் தடிமனை வைத்தே முடிவு செய்ய வேண்டும். மோட்டார் இழுக்கவில்லை என்று பியூஸை மட்டும் ஏற்றக் கூடாது, ஒயரையும் மாற்ற வேண்டும்.

சரியான அளவில் கட்டிய பியூஸும் ஷாக் அடிப்பதைத் தடுக்காது. ஈர உடம்பின் மின்தடை 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் பாய்வது கால் ஆம்பியருக்கும் குறைவு. பியூஸுக்கு அது ஒரு 60 வாட் பல்பு எரிவது போலத்தான். இதயத்தை நிறுத்த அதில் நான்கில் ஒரு பங்கே போதும். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி, ஊரார் சொல்லும் இஎல்சிபி, இதற்காகத்தான். 2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இணைப்புகளில் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் கசிவுக் காப்புக் கருவியைக் கட்டாயமாக்கியுள்ளன. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் அது தட்டிக்கொண்டே இருக்கிறதே என்பார்கள். சில எலெக்ட்ரீஷியன்கள் அதை பைபாஸ் செய்தும் கொடுக்கிறார்கள். ஆனால் எங்கோ கசிகிறது என்பதால்தான் அது தட்டுகிறது. சர்க்யூட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் பெரும்பாலும் கிணற்று மோட்டாரோ ஹீட்டரோ அகப்படும். ஒரே நேரத்தில் பேஸையும் நியூட்ரலையும் தொட்டவரை ஆர்சிசிபி காப்பாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும்; ஓவர்லோடும் அதன் வேலை அல்ல. அதனால் பியூஸோ எம்சிபியோ உடன் இருந்தே ஆக வேண்டும்.

தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையைத் தாண்டி வந்து வயரிங் வேலை செய்பவரிடமும் வயர்மேன் பெர்மிட் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அது மாநில அரசு வழங்கியதாகவோ ஏற்றதாகவோ இருக்க வேண்டும். மீட்டருக்கு முன்னுள்ள பியூஸ் கேரள மின்வாரியத்துடையது. அதில் கைவைக்காமல் 1912-ஐ அழைக்க வேண்டும். கவனிக்காவிட்டால் 2003 மின்சாரச் சட்டத்தின் 42(5) பிரிவின்படி நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம், அதற்கு மேல் ஆம்புட்ஸ்மேன். உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் 161-ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளருக்குத் தகவல் போயாக வேண்டும். கரண்டைத் துண்டித்த பிறகு, அவர் வந்து பார்க்கும்வரை கருகிய ஒயரையும் பியூஸ் கட்டையையும் யாரும் கழற்றி எறியக் கூடாது.