எலும்பு வெள்ளை, நுரையீரல் கறுப்பு: எக்ஸ்ரே படம் சொல்வது என்ன?

நாள்பட்ட இருமலுடன் கிளமெண்டி பலதுறை மருந்தகத்துக்கோ அக்கம்பக்க மருந்தகத்துக்கோ செல்லும் மூத்தோரில் சிலர், நெஞ்சு எக்ஸ்ரே என்றதும் தயங்குவதுண்டு. “கதிர் உடம்பிலேயே தங்கிவிடுமோ?” என்ற அச்சம்தான் காரணம்.

தங்காது. எக்ஸ்ரே எனும் ஊடுகதிர் ஒளியைப் போன்றதே. ஆற்றல்தான் மிக அதிகம். விளக்கை அணைத்ததும் அறையில் வெளிச்சம் மிஞ்சுவதில்லை. அதுபோல, இயந்திரம் நின்றதும் உடலில் கதிர் மிஞ்சாது.

உடலுக்குள் நுழையும் கதிரில் ஒரு பகுதி எதிலும் படாமல் மறுபக்கம் வெளியேறும். ஒரு பகுதியை அணுக்கள் உறிஞ்சிக்கொள்ளும். இன்னொரு பகுதி எலக்ட்ரான்கள்மீது மோதி, திசைமாறிச் சிதறும்.

உறிஞ்சப்படுவதில்தான் படத்தின் சூட்சுமம் இருக்கிறது. ஒரே எடையுள்ள பொருளில் அணு எண் இருமடங்கானால், இந்த உறிஞ்சல் ஏறத்தாழ 8 மடங்காகும். தசையில் நிறைந்துள்ள ஆக்சிஜனின் அணு எண் 8. எலும்பிலுள்ள கால்சியத்துக்கு 20. எனவே எலும்பு கதிரைத் தடுத்து, படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. காற்று நிறைந்த நுரையீரல் கதிரை விட்டுவிடுவதால் கறுப்பாகத் தெரிகிறது. “மூச்சை இழுத்துப் பிடியுங்கள்” என்று சொல்வதும் நுரையீரல் விரிந்து, அசையாமல் இருக்கத்தான்.

கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் வெண்திட்டு தெரிந்தால், நிமோனியாவா காசநோயா என்று மருத்துவர் ஆராய்வார். வேலை அனுமதி பெறும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இங்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதும் காசநோயைக் கண்டறியத்தான்.

அப்படியானால் படமெடுப்பவர் மட்டும் தடுப்புக்குப் பின்னால் ஒதுங்குவது ஏன்? நமக்கு ஒரு படம். அவருக்கோ நாள் முழுவதும் அதே வேலை. சிதறும் கதிர் அவர்மீது தினமும் படக்கூடாது. அதைத் தடுக்க, அணு எண் 82 கொண்ட ஈயம் உதவுகிறது.

உறிஞ்சப்படும் கதிர் உயிரணுக்களைப் பாதிக்கக்கூடும் என்பது உண்மை. ஆகவே அளவு முக்கியம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைப்பது சுமார் 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. மண், விண்வெளி, உணவு ஆகியவற்றிலிருந்து இயற்கையாகக் கிடைப்பதோ உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அதாவது, ஒரு படம் அதிகம் போனால் இரண்டு வார இயற்கைக் கதிருக்குச் சமம்.

கருவுற்றிருந்தாலோ, அப்படிச் சந்தேகம் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அண்மையில் எடுத்த படம் இருந்தால் அதையும் காட்டுங்கள். ஆனால் மருத்துவர் தேவை என்று சொல்லும் படத்தைப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். நுரையீரல் காசநோய் காத்திருக்காது, வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவும்.