ஒரு ராத்திரிக்கு ஒரு நாடே வந்துபோகும் ஊர், தெரியுமா?

நவ்ரு என்றொரு தீவு நாடு இருக்கிறது, தெரியுமா? கொடி, நாடாளுமன்றம், சுகாதார அமைச்சர் எல்லாம் உண்டு. மக்கள்தொகை மட்டும் சுமார் 12 ஆயிரம்தான்! துவாலுவும் ஏறக்குறைய அவ்வளவே. சித்ரா பௌர்ணமியன்று இரண்டு நாட்டுக்காரர்களையும் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இறக்கிவிட்டால், அடி அண்ணாமலை வருவதற்குள் கூட்டத்தில் காணாமல் போவார்கள். கார்த்திகை தீபத்துக்கோ லட்சம் லட்சமாய் ஜனம்! 14 கிலோமீட்டர் நடந்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, கிடைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறது ஒரு நாடு.

அதற்குச் சுகாதாரத் திட்டம் போடுவது யார்? சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள், 1939-லேயே! சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைக்கும் திருவிழாவுக்கும் தனி அத்தியாயமே உண்டு. இன்ன விழா என்று அரசு அறிவித்துவிட்டால் குடிநீர், துப்புரவு, தொற்றுநோய்த் தடுப்பு எல்லாம் உள்ளாட்சியின் தலையில். ஏன் இவ்வளவு கெடுபிடி? அந்தக் காலத்தில் பக்தர்களோடு காலராவும் டிக்கெட் இல்லாமல் ஊர் ஊராய்ப் போய்ச் சேர்ந்ததே! இன்றைக்கும் தீபத்துக்கு அன்னதானம் போட வேண்டுமா, உணவுப் பாதுகாப்புத் துறையில் முதலில் பதிவு செய்யுங்கள். புண்ணியத்துக்கும் பர்மிட்!

திட்டமே இல்லாத காலமும் இருந்தது. 1905-ல் திருவண்ணாமலையில் பிளேக். ஜனங்கள் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள். ரமணரே மலையடிவாரத்துப் பச்சையம்மன் கோயிலுக்குப் போய் ஆறு மாதம்போல் தங்கினார், தெரியுமா?

இப்போது கடலைத் தாண்டுவோம். 1926-ல் இலங்கையின் களுத்துறையில் ஒரு புது ஏற்பாடு. ஒரு வட்டாரத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி. அவருக்குக் கீழே பிரசவம் பார்க்கும் மருத்துவ மாதுகள், சுகாதாரப் பரிசோதகர்கள். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திராமல் வீட்டுக்கு வீடு போனார்கள். இந்த ஏற்பாடுதான் பின்னால் நாடெங்கும் பரவியது.

அந்த நாட்டின் மலேரியாக் கதையைக் கேட்டால் துப்பறியும் நாவல் தோற்றுவிடும். 1934-35 கொள்ளைநோயில் செத்தவர்கள் சுமார் 80 ஆயிரம் பேர். பிறகு டி.டி.டி. மருந்து வந்தது; 1963-ல் நாடு முழுவதும் மலேரியா கண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 17! ஒழிந்தது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69-ல் ஐந்து லட்சத்துக்கும் மேல்! ஜெயித்த இடத்திலேயே மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. உள்நாட்டு யுத்தம் நடந்த ஆண்டுகளிலும் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைச் சோதிப்பதை விடவில்லை. 2012-க்குப் பிறகு அடுத்த சில ஆண்டுகள் உள்ளூரில் தொற்றியவர் எவருமில்லை. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்தது. கொசு அங்கேதான் இருக்கிறது, மலேரியாதான் இல்லை. இந்தக் கதையில் என்னை அசரவைத்தது இதுதான்.

குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட இடங்கள் என்று 1985-ல் ராக்பெல்லர் அறக்கட்டளை ஒரு நூல் வெளியிட்டது. சீனா, கோஸ்டாரிகா, இலங்கை, கூடவே நம் பக்கத்து வீட்டுக் கேரளம். 2011-ல் அதே கேள்வியோடு இன்னொரு நூல்: வங்கதேசம், எத்தியோப்பியா, கிர்கிஸ்தான், தாய்லாந்து... ஐந்தாவதாகத் தமிழ்நாடு! நாடுகளின் பந்தியில் ஒரு மாநிலத்துக்கு இலை!

காரணங்களில் ஒன்று, பொதுச் சுகாதாரத்துக்கென்று இங்கே தனித் துறை இருப்பது. திருவிழாத் தண்ணீரில் குளோரின் பார்க்கிறார்களே, அதே துறைதான்! இன்னொன்று மருந்து. இலங்கையில் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் யோசனைப்படி 1971-ல் அரசு மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் பிறந்தது. இங்கே 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்துவிட்டார்கள். கணக்கில் உள்ள தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம். செங்கம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் பாராசிட்டமாலும் அந்தப் பாஸ்புக்கில் பற்று வைத்துத்தான் வருகிறது, தெரியுமா?