சொல்லாக் காதலின் பாட்டு

ஆஸ்திரிய இசைமேதை ஜோசப் ஹைடன், இலண்டன் மாநகரில் தங்கியிருந்த காலத்தில் ஆங்கிலச் சொற்களுக்கும் இசை அமைத்தார். பியானோ துணையுடன் ஒருவரே பாடும் அச்சிறு பாடல்கள் 1794இலும் 1795இலும் அவ்வாறாக இரு தொகுதிகளாய் வெளிவந்தன. முதல் தொகுதிக்குச் சொல் தந்தவர் ஆன் ஹன்டர் என்னும் பெண்பாற் புலவர். நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது இரண்டாம் தொகுதியில் உள்ள ஷேக்ஸ்பியரின் சொற்களை.

'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் ஆண்வேடம் பூண்ட வயோலா, தான் விரும்பும் கோமகனிடமே, தன் தந்தைக்கு ஒரு மகள் இருந்தாள் என்றும், அவள் காதலைச் சொல்லாமலே வாடினாள் என்றும் கூறுகிறாள். அம்மகள் வேறு யாருமல்லள், அவளேதான். அவ்வுரையில் பச்சையும் மஞ்சளுமான சோகத்தைக் கூறும் அடி ஒன்றுண்டு. ஹைடனின் பாடலில் அது இல்லை. பசலை பாடிப் பழகிய தமிழராகிய நமக்கு இது சற்று ஏமாற்றமே!

ஆயினும் அக்குறையைப் பியானோ தீர்த்துவிடுகிறது. குரல் எழுமுன் அது நெடுநேரம் தனித்து ஒலிக்கிறது. பாடுபவர் வாய்திறவாது நிற்கிறார். சொல்லத் துணியாத நெஞ்சை வேறெவ்வாறு காட்டுவது? துயரைக் கண்டும் அவள் முறுவலிக்கும் இடத்தில் அச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பின்னர்க் குரல் ஓய்கிறது; எஞ்சியதைப் பியானோவே பேசி முடிக்கிறது.